திருடனுக்கு வைத்த போன்

பிரேசிலின் சாவோ பாவ்லோவில், சாந்தா ரீத்தா வளாகத்தில் அதெல்மோவின் கடையில் எதை வாங்கினாலும் ஒரு உபதேசம் இலவசம்.

"தெருவுல போனை வெளியே எடுக்காதீங்க. மணி பார்க்கணுமா, சர்ச்சு கோபுரத்தைப் பாருங்க. பேசியே ஆகணுமா, ஏதாவது கடைக்குள்ள நுழைஞ்சு பேசுங்க. என் கடைக்குள்ள நுழைஞ்சா ரொம்ப நல்லது."

மார்ச் இருபத்தைந்து என்று பேர் வைத்த கடைத்தெருவுக்குச் சரக்கு எடுக்க வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் போனைப் பறிகொடுக்கப் பயந்தவர்கள், மீதிப் பேர் பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள். இரண்டு தரப்புக்கும் அவரிடம் சரக்கு இருந்தது. கழுத்தில் மாட்டும் கயிறு, மணிக்கட்டில் சுற்றும் கயிறு, பெல்ட்டோடு பூட்டும் சங்கிலி. எல்லாவற்றுக்கும் மேலே, கால்சட்டைக்கு உள்ளே இடுப்பில் கட்டிக்கொள்ளும் துணிப்பை. அதைத் தன் சட்டைக்கு மேலேயே கட்டிக் காட்டி, "இதை உள்ளே போட்டுக்கிட்டா போன் இருக்கிறது உங்க பொண்டாட்டிக்கே தெரியாது" என்பார். வாங்க வந்தவன் பெண்டாட்டியோடு வந்திருந்தால் இந்த வாசகத்தை மாற்றிக்கொள்வார்.

கடையின் மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் பழைய போன்கள் குவிந்து கிடந்தன. அவைதான் திருடன் போன்கள். சாவோ பாவ்லோவில் இதை யாரும் யாருக்கும் விளக்குவதில்லை. "திருடன் போன் ஒண்ணு கொடுங்க" என்றால் போதும். நல்ல போன் இடுப்புக்குள், இது சட்டைப் பையில். வழிமறிப்பவன் கையில் இதை வைத்து அனுப்பிவிட்டு மனிதன் தன் வேலையைப் பார்க்கப் போகலாம். இதிலும் தரம் பார்த்துத்தான் விற்பார் அதெல்மோ. "ரொம்பப் பழசு வேணாம்மா. அவனுக்குக் கோவம் வரும். உயிரைப் பணயம் வெச்சு வர்றவன், அவனுக்கும் ஒரு மரியாதை வேணும்ல? திரை எரியணும், கொஞ்சம் பளபளன்னு இருக்கணும். போனா மட்டும் மனசு வலிக்கக் கூடாது."

அந்த ஊர்த் திருடர்கள் வந்து நின்றால் 'கொடு' என்று ஆரம்பிப்பதில்லை. கொடு என்றால் மாட்டேன் என்று சொல்ல இடம் இருக்கிறதே. அவர்கள் சொல்கிற வார்த்தை 'போச்சு'. அதாவது சமாச்சாரம் முடிந்துவிட்டது, பொருள் கைமாறிவிட்டது, அதை எடுத்து நீட்டுகிற வேலை மட்டும்தான் உன்னுடையது. வியாபாரத்தில் ஊறிய அதெல்மோவுக்கு இந்த ஒற்றை வார்த்தையின் மேல் ஒரு பொறாமையே உண்டு. பேரத்தை ஆரம்பிக்கும்போதே முடித்துவிடுகிற சாமர்த்தியம் எந்த வியாபாரிக்கு வாய்த்திருக்கிறது?

அவரிடமும் இரண்டு போன்கள். நல்லது புத்தம் புதிது. சரக்கு அனுப்புகிறவர்கள், பாங்கி, வளாகத்துச் சங்கம் எல்லாம் அதில்தான். அது பகல் முழுக்க இடுப்புப் பையில் வியர்த்துக்கொண்டு கிடக்கும். சட்டைப் பையில் இருப்பது திருடன் போன். காதில் வைத்தால் கேட்காது; ஒலிபெருக்கி மட்டும் கோயில் திருவிழா போலக் கத்தும். பேட்டரிக்கு மூட் இருந்தால் சாயங்காலம் வரை தாங்கும். மேல் மூலையில் ஒரு விரிசல். உள்ளே இருக்கும் சிம், பக்கத்துக் கடைப் பெட்டி வியாபாரி நஜீபின் மச்சான் பேரில் வாங்கியது. அந்த மச்சான் செத்து ரொம்ப காலம் ஆகிறது. தொலைந்தால் அதே நம்பரைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் செத்தவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த நம்பரை அவர் இன்ஷூரன்ஸ்காரர்களுக்குக் கொடுத்திருந்தார். சர்ச்சு வசூலுக்கு வந்தவருக்குக் கொடுத்திருந்தார். கடன் கேட்கக்கூடிய முகவெட்டு உள்ள எல்லாருக்கும் கொடுத்திருந்தார்.

ஜுரெமாவுக்கும் அதைத்தான் கொடுத்திருந்தார்.

எதிர்வரிசைப் பித்தான் கடையை எடுத்து நடத்த வந்த புதிதில் ஜுரெமா அவரிடம் ஒரு இடுப்புப் பை வாங்கினாள். புருஷன் போய்ச் சில வருஷங்கள் ஆனவள், கெட்டிக்காரி, ஒரு பிடி பித்தானைக் கையில் அள்ளினால் எண்ணாமலே கணக்குச் சொல்வாள். அந்த ஊரில் மரியாதைக்குப் பெண்ணைத் தோனா என்றும் ஆணைச் செவு என்றும் கூப்பிடுவார்கள். அன்று அதெல்மோ வழக்கமான உபதேசத்தோடு கொஞ்சம் அதிகமும் சேர்த்தார். "புதுசா யாராவது நம்பர் கேட்டா நல்ல நம்பரைக் கொடுத்துடாதீங்க, தோனா ஜுரெமா. திருடன் போன் நம்பரைக் கொடுங்க. ஆள் எப்படின்னு தெரியட்டும்." அவள் சிரித்துக்கொண்டே, "சரி செவு அதெல்மோ, உங்க நம்பரைச் சொல்லுங்க" என்றாள். பழக்க தோஷம், அவர் கை சட்டைப் பைக்குத்தான் போயிற்று.

கார்னிவலுக்கு முன்னால் ஆரம்பித்த பேச்சு. முதலில் ஷட்டர் பழுது, குழாயில் தண்ணீர் வராதது என்று செய்தி வந்தது. பிறகு குரலாகவே வர ஆரம்பித்தது. ஜுரெமாவுக்கு எழுதுவது பிடிக்காது. பேசி அனுப்புவாள், நீளமாக அனுப்புவாள், நடுவில் பஸ் ஏறி, பக்கத்து சீட்டுக்காரியோடு சண்டை போட்டு, இறங்கி, விட்ட இடத்திலிருந்து தொடருவாள். பகல் முழுக்க நாலடி நடைபாதையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டிக்கொள்ளும் இரண்டு பேர், வீட்டுக்குப் போன பிறகு மணிக்கணக்கில் பேசினார்கள். ஜூன் மாதச் சோள விழா வருவதற்குள் அந்தத் திருடன் போன் நிரம்பி வழிந்தது.

நம்பரை மாற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்று அதெல்மோ நினைக்காமல் இல்லை. ஆனால் மாற்றினால் 'ஏன்' என்று கேட்பாள். ஆரம்பத்திலேயே செய்திருந்தால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். தள்ளிப்போடப் போட, வட்டி ஏறுகிற மாதிரி விஷயம் ஏறிக்கொண்டே போயிற்று. வேறு வழி தெரியாமல் அவர் அந்த போனைக் காப்பாற்ற ஆரம்பித்தார். கடையிலேயே விலை கூடிய கண்ணாடியை அதன்மேல் ஒட்டினார். ஓரத்தில் தங்கநிறக் கோடு ஓடுகிற தடித்த உறை ஒன்றை மாட்டினார். நஜீப் அதைப் பார்த்துவிட்டுக் கையில் இருந்த, இறைச்சி வைத்த எஸ்ஃபிஹா ரொட்டியைக் கீழே வைத்தான்.

"ஏம்ப்பா, இது திருடறதுக்குன்னு வெச்சிருக்கிற போன்தானே?"

"ஆமா."

"கீழே விழுந்தா உடையக் கூடாதுன்னு கண்ணாடி ஒட்டியிருக்கே."

"ஆமா."

"நல்ல மனசுப்பா உனக்கு. திருடன் எடுத்துட்டு ஓடும்போது தவற விட்டுட்டா பாவம்ல."

குளிர்காலத்தில் சிக்கல் வந்தது. ஜுரெமாவின் மகள் கெய்லா கடற்கரை ஊரான சாந்தோஸில் வீடு வாங்கி, அம்மா கடையை மூடிவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். கடை வாடகை ஒப்பந்தமும் முடியப்போகிற சமயம். அதெல்மோ அவளைக் கரும்புச்சாறுக் கடைக்கு அழைத்துப்போய், எண்ணெயில் பொரித்த சூடான பஸ்தெல் பலகாரத்தைக் கடித்து நாக்கைச் சுட்டுக்கொண்ட பிறகு கேட்டார்.

"போகாதீங்க, தோனா ஜுரெமா. உங்க பிரஷையும் என் பிரஷையும் ஒரே டம்ளர்ல போட்டுட்டா என்ன?"

பல் துலக்கும் பிரஷைத்தான் சொன்னார். அந்த ஊரில் ஒரு ஆண் பெண்ணிடம் இப்படிக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஜுரெமா கரும்புச்சாறை முழுக்கக் குடித்து முடித்தாள்.

"நான் சாந்தோஸ் போய் இடத்தைப் பார்த்துட்டு வரேன். பதிலை போன்ல சொல்றேன். உங்க மூஞ்சியைப் பார்த்துச் சொன்னா எனக்குச் சிரிப்பு வந்துடும்."

அவள் போனாள். பித்தான் கடையின் ஷட்டர் இறங்கியது. அதெல்மோ நடைபாதையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இடுப்பில் இருந்த நல்ல போன் அடிக்கடி துடித்தது. அவர் அதை லட்சியம் செய்யவில்லை. சட்டைப் பை மௌனமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, கூட்டம் சேர்ந்துகொண்டிருந்த நேரத்தில், சட்டைப் பை துடித்தது. ஜுரெமா. குரல் செய்தி. அனுமார் வால் போல நீளம்.

அவருடைய உபதேசப்படி அங்கேயே, கடைக்குள்ளேயே கேட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த போன் காதோடு பேசுகிற ரகம் இல்லையே. கடைக்குள் கேட்டால் நஜீபுக்குக் கேட்கும். நஜீபுக்குக் கேட்டால் சாவோ பாவ்லோவுக்கே கேட்டது மாதிரி. கடையைப் பார்த்துக்கொள்ளும்படி அவனிடம் சொல்லிவிட்டு, வளாகத்துக்குப் பின்னால் மூடிக்கிடக்கிற ஒரு பழைய பாங்கியின் வாசலுக்குப் போனார். சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை. ஆள் நடமாட்டம் இல்லாத சந்தில் நிற்கக் கூடாது என்பதும் அவர் உபதேசத்தில் உண்டு. போனை எடுத்து, முகத்துக்கு நேராகப் பிடித்து, தட்டினார்.

"செவு அதெல்மோ, நல்லா இருக்கீங்களா? இந்த ஊர் மீன் விலையைக் கேட்டா மயக்கம் வருது. கடல் பக்கத்துலயே இருந்துக்கிட்டு இப்படி விக்கிறானுங்களே, நம்ம தெருவுல விட்டா ஒரே வாரத்துல போண்டியாயிடுவானுங்க. கெய்லா வீட்டு பால்கனியில நின்னா கடல் தெரியும்னு சொன்னா. தெரியுது. ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல, ஒரு சோப்புக் கட்டி அளவுக்கு..."

"போச்சு, பெருசு, போச்சு! போனைக் கொடு!"

சைக்கிள் சத்தமே கேட்கவில்லை. முப்பது வயசுக்காரன், முதுகில் சாப்பாடு கொண்டுபோகிறவர்களின் சதுரப் பெட்டி, தலையில் ஹெல்மெட். ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஒரு கையை ஜெர்க்கினுக்குள் விட்டிருந்தான். மற்றக் கை உள்ளங்கை மேலாக நீண்டிருந்தது.

அதெல்மோ இதை ஆயிரம் தடவை வாடிக்கையாளர்களுக்கு நடித்துக் காட்டியிருக்கிறார். பதறாதீர்கள், முகத்தைப் பார்க்காதீர்கள், சட்டைப் பை போனை நீட்டுங்கள். அது சட்டைப் பையில்கூட இல்லை, கையிலேயே இருந்தது. கையை ஒரு சாண் நீட்டினால் போதும்.

"தம்பி, ஒரு நிமிஷம்."

"என்ன நிமிஷம்? இங்க என்ன க்யூவா நிக்குது?"

"...வீடு நல்ல வீடுதான். ஆனா சுவரெல்லாம் ஈரம். துணி காயமாட்டேங்குது..."

"இதை விட்டுடு. இதை விட நல்லதா ஒண்ணு தரேன்."

"என்கிட்டயே வியாபாரமா? ஏய், கை எங்க போகுது? கையைத் தூக்கு! இடுப்புல என்ன வெச்சிருக்கே?"

"போன்."

"இடுப்புல எவன் போன் வெப்பான்?"

"என் கடையில வாங்கினவன் எல்லாரும் வெப்பான். சுடாதே தம்பி, பெல்ட்டைக் கழட்டணும். மெதுவா எடுக்கறேன், நீயே பார்த்துக்கோ."

பெல்ட் தளர்ந்தது. பையின் ஒட்டுப்பட்டை 'சர்ர்' என்று பிரிந்தது. தன் தயாரிப்பு அவ்வளவு சுலபத்தில் திறக்காது என்று விளம்பரம் செய்தது பொய்யில்லை என்பது அந்த நிலையிலும் அவருக்குத் தெரிந்தது. வியர்வை ஈரத்தோடு நல்ல போனை எடுத்து நீட்டினார். கால்சட்டை நழுவியதை முழங்கையால் பிடித்துக்கொண்டார்.

சைக்கிள்காரன் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். புதிது. உறை கிடையாது, கண்ணாடி கிடையாது. இடுப்புப் பைக்குள் இருப்பதற்கு எதற்கு அதெல்லாம்? பிறகு அவன் கண் மற்ற போனுக்குப் போயிற்று. தங்கக் கோடு போட்ட உறை, பளிங்கு மாதிரிக் கண்ணாடி. அவன் தொழிலில் பொருளை மிரட்டி வாங்குவான், கெஞ்சக் கெஞ்சப் பிடுங்குவான். வலிய வந்து கொடுத்ததை வாங்கியதில்லை.

"இதையே தூக்கிக் கொடுக்கறேன்னா, அதுல என்னமோ இருக்கு. அதையும் கொடு."

"அதுல ஒண்ணுமில்ல தம்பி. கேளு. காதுல வெச்சாக் கேக்காது. பேட்டரி மத்தியானம் தாண்டாது. இதோ மூலையில விரிசல். உறையும் கண்ணாடியும் என் கடைச் சரக்கு, போனை விட அதுதான் விலை ஜாஸ்தி. கழட்டித் தரேன், எடுத்துக்கோ. சத்தியமாச் சொல்றேன், இது திருடன் போன்."

"திருடன் போனா?" அவன் முகம் மலர்ந்தது. "அப்போ அது எனக்குத்தானே!"

முப்பது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்தவர் அதெல்மோ. சீனாக்காரனோடு பேசியிருக்கிறார், லெபனான்காரனோடு பேசியிருக்கிறார். இப்படி ஒரே வார்த்தையில் அவர் வாயை யாரும் அடைத்ததில்லை.

"...சரி, போதும் ஊர்க்கதை," என்றது போன், சந்து முழுக்கக் கேட்கும்படி. "நீங்க கேட்டதுக்கு வரேன். அந்த பிரஷ் விஷயம். நான் நல்லா யோசிச்சேன், செவு அதெல்மோ. கெய்லாகிட்டயும் பேசினேன்..."

சைக்கிள்காரன் கையைத் தாழ்த்தினான். அதெல்மோ போனை இன்னும் மேலே தூக்கிப் பிடித்தார். போன் ஒரு சின்ன ராகம் பாடியது. திரை கறுத்தது.

"என்னாச்சு?"

"பேட்டரி."

"இன்னும் மத்தியானமே ஆகலையே!"

"சில நாள் அப்படித்தான்."

"என்ன பிரஷ்ஷு? நீ கேட்டியா அந்தம்மாவை?"

"ஆமா."

"இந்த வயசுலயா, பெருசு?" என்று சொல்லி, நல்ல போனை முதுகுப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டான். செத்த போனை மோவாயால் சுட்டிக் காட்டினான். "அதைக் கொண்டுபோய் நான் என்ன பண்ண? நீ சொன்னதை விட மோசமா இருக்கு." பெடலை மிதித்துத் தெருமுனைக் கூட்டத்தில் கரைந்துபோனான்.

சரக்கின் குறையை அதெல்மோ அவ்வளவு சொல்லியும் நம்பாதவன், சரக்கே சொன்னதும் நம்பிவிட்டான். அவர் கால்சட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டு வளாகத்துக்கு நடந்தார்.

"நஜீப், சார்ஜர்."

"உன் கடையில சார்ஜர் தொங்குதுப்பா."

"உன் கடைதான் கிட்ட இருக்கு."

நஜீப் சொருகினான். காரணம் கேட்டான். அதெல்மோ சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தார். ஆனால் நல்ல போனை முடக்க நஜீபின் போன் வேண்டியிருந்தது, பாங்கிக்காரன் நடந்ததைச் சத்தமாகச் சொல்லச் சொன்னான். அந்த நேரம் பார்த்து செத்த போனும் உயிர்பெற்று, நஜீபின் விரல் பட்டதும் விட்ட இடத்திலிருந்து, வளாகம் முழுக்கக் கேட்கும்படி தொடர்ந்தது:

"...பேசி முடிவு பண்ணிட்டேன். ஆனா இதையெல்லாம் போன்ல சொல்றது சரியில்லைன்னு இப்பத்தான் தோணுது. திங்கக்கிழமை வரேன். நேர்லயே சொல்றேன். சிரிப்பு வந்தா வரட்டும். வெச்சுடறேன், மீன் கருகுது."

நடைபாதையில் குடைக் கடைக்காரி இருமினாள்.

நஜீப் மெதுவாகக் கேட்டான். "அதாவது, புது போனைத் திருடனுக்குக் கொடுத்துட்டு, திருடன் போனை நீ வெச்சுக்கிட்டே. இந்தச் செய்திக்காக."

"ஆமா."

"இதுல பதிலே இல்லையே."

"இல்ல."

"வளாகத்துல திருட்டுத் தடுப்புச் சாமான் விக்கிறவன் நீதானே?"

அவருக்குப் போன போனைப் பற்றிக் கவலை இல்லை. சரக்கு அனுப்புகிறவர்களுக்கு அவர் பணம் தர வேண்டும், எப்படியும் தேடி வருவார்கள். கவலை வேறு. இந்தக் கதையை யார் எப்படிச் சொன்னாலும் அதில் ஓர் உண்மை வெளியே வரும்: ஜுரெமா இத்தனை காலமும் திருடன் போனில் இருந்தாள். அவர் நஜீபின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதே. உன்னைக் கும்பிடறேன்."

"நான் திறக்கமாட்டேன்ப்பா," என்றான் நஜீப், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே. "ஆனா குடைக் கடைக்காரிக்கும் வாய் இருக்கே. லாட்டரிச் சீட்டு விக்கிறவனுக்கும் இருக்கு."

திங்கட்கிழமை ஜுரெமா வளாக வாசலில் நுழைந்ததிலிருந்து தன் கடை வரை வந்து சேர வழக்கத்தை விட நேரம் பிடித்தது. வழியில் யாரார் நிறுத்தினார்கள் என்பதை அதெல்மோ தன் கடையிலிருந்தே பார்த்தார். லாட்டரிக்காரன் கையை இடுப்பில் வைத்து பெல்ட் கழற்றுவது போலக் காட்டியதையும் பார்த்தார். அவள் இந்தப் பக்கம் திரும்பாமல் ஷட்டரைத் தூக்கினாள். பித்தான் டப்பாக்களைத் துடைத்தாள். ஒரு தையல்காரிக்கு ஜிப் வெட்டிக் கொடுத்தாள். பிறகு நடைபாதையைக் கடந்து வந்து, அவர் கல்லாமேல் ஓர் இடுப்புப் பையை வைத்தாள். அவர் விற்றது.

"இதைத் திரும்ப எடுத்துக்குவீங்களா?"

"ஏன், தையல் விட்டுடுச்சா?"

"இல்ல. விக்கிறவருக்கே உதவலையாமே."

அதெல்மோ பையைப் புரட்டினார். நன்றாகத்தான் இருந்தது.

"நான் எந்த போன்ல இருந்தேன், செவு அதெல்மோ?"

அவரிடம் ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்துத் தயாரித்த பதில்கள் இருந்தன. எல்லாமே நல்ல பதில்கள், எந்த வாடிக்கையாளரும் நம்பியிருப்பான். அவற்றை அப்படியே விட்டுவிட்டார்.

"சட்டைப் பை போன்ல."

"இன்ஷூரன்ஸ்காரன் கூட."

"ஆமா."

"சர்ச்சு வசூல்காரர் கூட."

"அவரு இப்பல்லாம் கூப்பிடறதில்ல."

ஜுரெமாவின் உதடு ஒரு கணம் அசைந்து, பிறகு இறுகியது. "புதுசா வர்றவனுக்குத் திருடன் போன் நம்பரைக் கொடுன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு? நீங்க. அன்னிக்கே நானும் உங்களுக்கு அதைத்தான் கொடுத்தேன்."

அதெல்மோ நிமிர்ந்தார். தராசின் இரண்டு தட்டும் சமமானதைக் கண்ட வியாபாரியின் முகம் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

"சிரிக்காதீங்க. கார்னிவல் முடிஞ்சதும் என் நம்பர் மாறிடுச்சுன்னு ஒரு செய்தி அனுப்பினேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"என் நம்பர் மாறவே இல்ல. நான் உங்களைத்தான் மாத்தினேன். அந்தத் திருடன் போன்லேருந்து இந்த நல்ல போனுக்கு."

தட்டு ஒரு பக்கமாகச் சடாரென்று இறங்கியது. அதெல்மோ அந்தச் செய்தியை நினைத்துப் பார்த்தார். 'சரி, சேமிச்சுக்கிட்டேன்' என்று பதில் போட்டிருந்தார். கட்டைவிரல் படம் ஒன்றும் சேர்த்திருந்தார். பக்கத்துக் கடையில் நஜீப் ஒரு பெட்டியைத் திறந்து அதன் உள்ளே எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தான், காலிப் பெட்டி.

"தோனா ஜுரெமா," என்றார் கடைசியில், "அந்தத் திருடன் முன்னாடி ரெண்டு போனும் என்கிட்ட இருந்துச்சு. எதைக் கொடுத்தேன், எதை வெச்சுக்கிட்டேன்னு இந்த வளாகத்துக்கே தெரியும். சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்றாங்க. ஆனா தெரியும்."

"அதுல என் பதில் இருக்கும்னு வெச்சுக்கிட்டீங்க."

"ஆமா."

"இல்லைன்னு முன்னாலயே தெரிஞ்சிருந்தா?"

இதுதான் கேள்வி என்பது அவருக்குப் புரிந்தது. ஜுரெமா பித்தான் பார்க்கிற கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். கலப்படம் ஒன்று இருந்தாலும் விரல் நுனியில் எடுத்துவிடுகிற கண்.

"தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் பேரம் பேசிப் பார்த்திருப்பேன்," என்றார் அதெல்மோ. "கடைசியில அதையேதான் கொடுத்திருப்பேன். பழசெல்லாம் அதுலதானே இருக்கு. நீங்க பஸ்ஸுல சண்டை போட்டதுகூட."

ஜுரெமா முகத்தைத் திருப்பிச் சங்கிலிகள் தொங்குகிற சுவரைப் பார்த்தாள். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. அழுகிறாளா என்று அவருக்குச் சந்தேகம். கேட்கத் தைரியம் வரவில்லை. திரும்பியபோது முகம் நேராக இருந்தது.

"போச்சு, செவு அதெல்மோ."

அவர் தலையை ஆட்டினார். வியாபாரத்தில் இந்த வார்த்தைக்கு மேல் பேச ஒன்றுமில்லை. சாந்தோஸில் ஈரம் அதிகம், சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாமா என்று யோசித்தார். அப்போதுதான் பார்த்தார், கல்லாவுக்கு மேலே அவள் கை நீண்டிருந்தது. உள்ளங்கை மேலாக. சந்தில் சைக்கிள்காரன் நீட்டினானே, அச்சு அசலாக அதே மாதிரி.

"போச்சுன்னா என்ன அர்த்தம்னு தெரியாதா? போனைக் கொடுங்க."

அதெல்மோ சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இந்தத் தடவை பேரம் பேசவில்லை. அவள் அதைக் கல்லாமேல் கிடந்த இடுப்புப் பைக்குள் போட்டு, ஒட்டுப்பட்டையை அழுத்தி மூடினாள்.

"இது இனிமே தெருவுக்கு வராது. வீட்டுல இருக்கும், அந்த டம்ளர் பக்கத்துல. உங்களுக்குப் புதுசா ஒண்ணு எடுங்க. எடுத்ததும் முதல் நம்பர் யாருதுன்னு நானே பார்ப்பேன்."

"கெய்லா என்ன சொன்னா?"

"கடல் காத்துல உலோகப் பித்தானெல்லாம் துரு ஏறிடும்னு சொல்லிட்டேன். அவளுக்கு வியாபாரம் தெரியாது, நம்பிட்டா."

சொல்லிவிட்டு நடைபாதையைக் கடந்து போனாள். பாதி வழியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது; பித்தான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மத்தியானம் ஒரு பெண் வந்து திருடன் போன் ஒன்று கேட்டாள். அதெல்மோ கண்ணாடிப் பெட்டியிலிருந்து தரமாக ஒன்றைப் பொறுக்கி, திரை எரிகிறதா என்று காட்டி, உபதேசத்தை ஆரம்பித்தார்.

"ரொம்பப் பழசு வேணாம்மா, அவனுக்குக் கோவம் வரும். அப்புறம், புதுசா யாராவது நம்பர் கேட்டா..."

எதிர்வரிசையில் பித்தான் அளக்கிற சத்தம் நின்றது.

"...ஆளைப் பார்த்துக் கொடுங்க," என்று முடித்தார்.